ஆள் ஒன்று, அளவு இரண்டு

பிப்ரவரி 9

வாயாடிக்கு,

நீ ரயிலேறிப் போய் ஆறு நாள் ஆகிறது. இதற்குள் போனில் இரண்டு முறை பேசினோம். இரண்டு முறையும் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் போனை வைத்துவிட்டோம். முதல் முறை நீ, அடுத்த முறை நான். "ரெண்டு பேரும் லெட்டர் எழுதுங்க. லெட்டரைப் பாதியில வைக்க முடியாது" என்றார் உன் அத்தான். அவர் சொல்வதில் வருடத்துக்கு ஒன்று உருப்படியாக இருக்கும். இந்த வருடத்துக்கு இது.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தை நீயும் படித்தாய். நம் பட்டறையில் செயற்கைக் கால் செய்துகொண்ட ஒவ்வொருவரின் அளவும் ஜூன் கடைசிக்குள் டேட்டாபேஸில் ஏறியிருக்க வேண்டும். அவர்கள் ஆள் வந்து சோதிப்பார். சரியில்லை என்றால் ஜூலையிலிருந்து நோயாளிகளை வேறு கம்பெனிக்கு அனுப்புவார்கள். நம்மிடம் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அவர்கள் அனுப்பித்தான் வருகிறார்கள். அதுவும் நின்றுபோனால் பட்டறையைப் பூட்டிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து உன் அத்தானைத் திருத்த வேண்டியதுதான்.

இதற்கு நீ ஒரு வழி சொன்னாய். சொன்னது எங்கே? பட்டறை நடுவில். வார் தைக்கும் அம்மா, பிளாஸ்டர் மாவில் அச்சு வார்க்கும் மாவு அண்ணன், அளவு கொடுக்க வந்து உட்கார்ந்திருந்த மூன்று பேர், எல்லோர் முன்னாலும். "அக்கா, இது உன்னால ஆகாது. ஒரு ஆளை வை. இல்லன்னா நான் செஞ்சு தர்றேன்." பதினெட்டு வருடமாக இந்தப் பட்டறையை நடத்துகிறேன். அங்கே நின்று என்னைப் பார்த்து "உன்னால ஆகாது" என்று சொன்ன முதல் ஆள் நீதான்.

ஆளை வைத்துப் பார்த்ததில்லையா? ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆலோசகர் வந்தார். இரண்டு நாள் கேள்வி கேட்டார், ஒரு மாதத்தில் பச்சைப் பொத்தான் எல்லாம் வைத்து ஒன்றைச் செய்து கொடுத்தார். பிறகு வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று. அளவு அட்டையில் எழுதாமல் நேராக அதில் ஏற்றியவை எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. முப்பத்தொரு பேரைத் திரும்ப வரவழைத்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி அளவெடுத்தேன். வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போகும் கொத்தனார் எனக்கு இன்னொரு முறை வேண்டாம்.

அறுநூற்று நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறேன். நாற்பது வீடியோ பாடங்களுக்கும் சேர்ந்திருக்கிறேன். தினமும் காலை ஆறிலிருந்து எட்டு வரை படிப்பு. இன்று மூன்றாவது பாடம். அத்தான் தன் காபியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். ஆக இந்தப் படிப்பால் வீட்டில் இரண்டு பேர் முன்னேறுகிறோம்.

கோபம் இன்னும் தீராத
அக்கா

*

பிப்ரவரி 17

அக்கா,

முதல் முறை நான் போனை வைக்கவில்லை. சார்ஜ் போய்விட்டது. நீ நம்ப மாட்டாய், போகட்டும்.

எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் சொன்ன விஷயம் தப்பில்லை.

எங்களைக் கூப்பிடுகிற இடங்களில் பாதி இடத்தில் நடந்தது என்ன தெரியுமா? யாரோ ஒரு கெட்டிக்காரர் தானே படித்து, தானே செய்து, அது ஒரு நாள் படுத்துவிட்டிருக்கும். போன மாதம் ஒரு மருந்துக் கிடங்கு. அங்கே கணக்கர் ஒருவர் நன்றாகவே செய்திருந்தார். கம்ப்யூட்டர் பழுதானது. நகல் எங்கே என்று கேட்டேன். நகல் எடுப்பது அவர் படித்த புத்தகத்தில் முப்பத்தெட்டாவது பாடம், அவர் இருபதாவது பாடத்திலேயே நின்றுவிட்டார்.

வீடியோ பாடத்தில் வருவது கற்பனைக் கடை, கற்பனை வாடிக்கையாளர். அங்கே தப்புச் செய்தால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். உன் பட்டறையில் தப்புச் செய்தால் அது ஒருவர் காலில் தெரியும். எனக்கு இருக்கிற பயம் இது ஒன்றுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், போனில் சொல்ல வாய் வரவில்லை. உன் தங்கை என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "அவ ஏதோ கம்ப்யூட்டர்ல தட்டறா" என்று சொல்கிறாயாம். மாவு அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பதினாலு வருடம் தட்டியிருக்கிறேன் அக்கா. மூன்று ஆஸ்பத்திரியும் ஒரு துறைமுகமும் நான் தட்டியதில் ஓடுகின்றன. உன் வேலையை நான் யாரிடமாவது "ஏதோ கட்டையைச் செதுக்கறா" என்று சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்? நான் சொல்வதில்லை. என் ஆபீஸில் எல்லோருக்கும் நீ செய்கிற கால்களைப் பற்றித் தெரியும். கேட்காதவர்களையும் பிடித்து வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாகக் கேட்கிறேன். லீவு போட்டு வருகிறேன், மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன், பாஸ்வேர்ட் உன்னிடமே இருக்கட்டும். சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

உன் தங்கை

*

மார்ச் 8

வாயாடிக்கு,

ஒரு வரி எழுதச் சொன்னாய். இதோ: வேண்டாம்.

இனி நல்ல செய்தி. இருபத்திரண்டு பாடம் முடிந்தது. அதற்கு நடுவில் தாவிப் போய் நகல் எடுக்கும் பாடத்தையும் முடித்துவிட்டேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, எனக்கே தோன்றியது. தினமும் மாலை நகல் எடுத்து, ஒன்று வீட்டில், ஒன்று பட்டறையில் என்று வைக்கிறேன்.

சோதனைக்கு முந்நூறு பேரின் அளவு அட்டைகளை ஏற்றினேன். "முழங்காலுக்குக் கீழே, பெண்கள், கால் செய்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள்" என்று புத்தகத்தில் சொன்னபடி எழுதி ஒரு தட்டுத் தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் இருபத்தேழு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். அட்டைப் பெட்டியில் தேடியிருந்தால் ஒரு முழு நாள். வார் தைக்கும் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "இதை நீயா கேட்டே? அதுவா சொல்லிச்சு?" என்றார். "நான்தாங்க கேட்டேன்" என்றேன். கேட்டது என்னவோ இருபத்தேழு பெயர்தான், ஆனால் அந்த நிமிடம் எனக்கு ராஜ்யம் பிடித்த மாதிரி இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

என் டேபிள் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி. அட்டை எண், பெயர், ஆணா பெண்ணா, வயது, முகவரி, கால் செய்த தேதி, முழங்காலுக்கு மேலா கீழா, எந்தக் கால், அதற்குப் பிறகு ஒன்பது அளவுகள், கடைசியில் அச்சு எண். 'எந்தக் கால்' என்ற இடத்தில் இடது, வலது, இரண்டும் என்று மூன்று தேர்வு வைத்திருக்கிறேன். புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு தேர்வுதான் வருகிறது. 'இரண்டும்' என்பது நானே யோசித்தது. இரண்டு காலையும் இழந்தவர்கள் நம்மிடம் எத்தனை பேர், அவர்களை விட்டுவிடலாமா? அந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு நான் எனக்கே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

உன் கருத்தைக் கேட்கவில்லை. ஆலோசனை என்று வாயைத் திறக்காதே. பார்ப்பதற்கு மட்டும் அனுப்புகிறேன். பார், பார்த்து வயிறெரி.

அக்கா

*

மார்ச் 16

அக்கா,

பார்த்தேன். கோடெல்லாம் நேராக, அழகாக வந்திருக்கிறது.

சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. இங்கே வேலை அதிகம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

*

ஏப்ரல் 10

வாயாடிக்கு,

இன்று மத்தியானம் மூன்றே கால் மணிக்குக் கடைசி அட்டையை ஏற்றினோம். மொத்தம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு. நான் ஒரு கம்ப்யூட்டரில், வார் தைக்கும் அம்மா இன்னொன்றில். அவர் ஒற்றை விரலால்தான் தட்டுகிறார், ஆனால் அந்த விரல் தப்பாது.

மாவு அண்ணன்தான் வழிக்கு வர மாட்டேன் என்கிறார். கம்ப்யூட்டரிலிருந்து அளவுத் தாள் எடுத்துக் கொடுத்தாலும், ஓடிப் போய் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அச்சில் கை வைக்கிறார். "தரையில காலை ஊன்றிக்கிட்டே நீச்சல் பழக முடியுமாண்ணே?" என்று கேட்டேன். அட்டைகளை எல்லாம் பதினாலு பெட்டியில் போட்டுக் கட்டி, பரணில் ஏற்றிவிட்டேன். ஏணியையும் அத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இனி எல்லோருக்கும் திரைதான் கதி.

உன் போன கடிதத்தில் எண்ணினால் ஆறு வாக்கியம் தேறவில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று பெயர் வாங்கியவள் நீ. உடம்பு கிடம்பு சரியில்லையா?

அக்கா

*

மே 15

தங்கச்சிக்கு,

கடிகாரம் பழுது பார்ப்பவரை உனக்கு ஞாபகம் இருக்கும். பஸ்ஸில் எட்டு மணி நேர தூரத்திலிருந்து வருவாரே, மெல்லப் பேசுவார், இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லாதவர். அவருடைய இடது சாக்கெட், மீதிக் கால் உள்ளே நுழையும் கிண்ணம், விரிசல் விட்டுவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்று ஏப்ரலில் எழுதியிருந்தார். அவ்வளவு தூரம் வரவேண்டாம், அளவுதான் நம்மிடம் இருக்கிறதே என்று செய்து பார்சலில் அனுப்பினோம். கம்ப்யூட்டர் தாளை வைத்துச் செய்த முதல் பத்து வேலைகளில் அதுவும் ஒன்று.

மூன்று நாளைக்கு முன் அவரே நேரில் வந்தார். பழைய விரிசல் சாக்கெட்டைத் துணியால் சுற்றிக் கட்டிப் போட்டிருந்தார். புதியதைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "அம்மா, வேலை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது என் வலது காலோட அளவு மாதிரி தெரியுது" என்றார். பதினோரு நாள் அதைப் போட்டு நடந்திருக்கிறார். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க செஞ்சது தப்பா இருக்காதுன்னு நினைச்சேன். என் கால்தான் மாறிப்போச்சுன்னு நினைச்சேன்" என்றார்.

காலைப் பார்த்தேன். எலும்பு முனையில் இரண்டு இடத்தில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. உட்கார வைத்து மருந்து போட்டேன். அவர், "பரவாயில்லம்மா, எரியல" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எப்படி நடந்தது என்று பிறகு தேடினேன். நம் அட்டையில் முன்பக்கம் இடது கால், பின்பக்கம் வலது கால். இரண்டு கால்களும் இல்லாதவர்களுக்கு முன்பக்கத்தை ஏற்றிவிட்டு, அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தை ஏற்றினோம். அப்போது திரையில், "இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?" என்று வந்தது. வார் தைக்கும் அம்மா என்னைக் கேட்டார். "மாத்துங்க, அதே ஆள்தானே" என்று நான்தான் சொன்னேன். சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பதினெட்டு வருடமாக அட்டையைத் திருப்பி எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் முன்பக்கம் அழிந்ததில்லை. திரைக்குப் பின்பக்கம் கிடையாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. 'இரண்டும்' என்று போட்ட நூற்று அறுபத்து மூன்று பேருக்கும் இப்போது இருப்பது வலது கால் மட்டும். அனுப்புவதற்குக் கட்டி வைத்திருந்த இன்னும் இரண்டு பார்சலைப் பிரித்துவிட்டேன். மாவு அண்ணன் நம் வீட்டுக்குப் போனார். ஏணியைத் திரும்பக் கொண்டுவந்து பரணுக்குச் சாத்தினார், அவ்வளவுதான். அட்டைகள் பத்திரமாக இருக்கின்றன.

எப்படி இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. ஆளுக்கு ஒரு டேபிள், காலுக்குத் தனியாக ஒரு டேபிள், அளவுக்கு இன்னொன்று. ஆள் ஒருமுறைதான் வருவார். அவருக்கு எத்தனை காலோ அத்தனை வரி. ஒவ்வொரு காலுக்கும் எத்தனை முறை அளவெடுத்தோமோ அத்தனை வரி, தேதியோடு. பழையதை யாரும் மாற்ற முடியாது, புதியதைச் சேர்க்கத்தான் முடியும். இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். ஆனால் அதைச் செய்யக் கையை வைத்தால் அவர் கால்தான் கண்முன் வருகிறது.

ஒருவர் காலில் தெரியும் என்று எழுதினாய். தெரிந்தது. ஜூன் முப்பதுக்கு நாற்பத்தாறு நாள்தான் இருக்கிறது. நீ ஜெயித்தாய். வந்து எடுத்துக்கொள்.

அக்கா

*

மே 19

அக்கா,

நான் ஜெயிக்கவில்லை. இதை எழுத நாலு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

மார்ச்சில் நீ வரைந்து அனுப்பிய தாளைப் பார்த்தேன். 'இரண்டும்' என்று எழுதியிருந்தாய். அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரிசை அளவு. தாளைத் திரும்ப மடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. இதெல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது, எனக்கு வேலையே அதுதான். தெரிந்தும் நான் எழுதவில்லை. கோடு நேராக இருக்கிறது என்று எழுதினேன்.

வாயைத் திறக்காதே என்று நீ சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மை அது இல்லை. நீ தடுக்கி விழ வேண்டும் என்று நினைத்தேன். பெரிதாக இல்லை, லேசாக. சோதித்துப் பார்க்கும்போது நீயே கண்டுபிடிப்பாய், வேறு வழியில்லாமல் எனக்கு எழுதுவாய், நான் வந்து நிற்பேன், "ஏதோ தட்டறா" என்று சொன்ன வாயால் நீ என்னைக் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். நடுவில் ஒருவர் கால் இருக்கிறது என்று உனக்குப் புத்தி சொல்லி எழுதியவள் நான். எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

அவர் நடந்த பதினோரு நாளில் பாதி என்னுடையது. பாதிக்கு மேலேயே இருக்கும். நீ தெரியாமல் செய்தாய்.

தாளின் பின்பக்கம் நீ வரைந்திருப்பது சரி. ஆள், கால், அளவு. அதில் நான் திருத்துவதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. என் ஆபீஸில் புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கு இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகும் பாதிப் பேர் பழைய தப்பையே செய்வார்கள். நீ யாரும் சொல்லாமல் மூன்று நாளில் கண்டுபிடித்திருக்கிறாய். அழுதுகொண்டே இருந்தாலும் இதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வந்து எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் செய்து வைத்துவிட்டுப் போனால் அதில் எது ஏன் இருக்கிறது என்று பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது. பாஸ்வேர்டை உன் கையில் கொடுத்தாலும் சாவி என் பையில் இருக்கிற மாதிரிதான். அதோடு, எடுத்துக்கொள்ள எனக்கு இப்போது யோக்கியதை இல்லை.

உன் தங்கை

*

மே 24

உனக்கு,

கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருந்தால் தபால்காரர் கை சுட்டிருக்கும். அதனால் இரண்டு நாள் விட்டேன்.

கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல் இருந்தது. நாற்பத்தொரு வயதுக்காரியை அடித்தால் ஊர் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கும். அத்தானிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அவ சொல்லாம இருந்தது தப்பு. இப்போ சொல்லியிருக்கா, அது எத்தனை பேரால முடியும்?" என்றார். இந்த வருடத்துக்கு அவருடைய கோட்டா முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

ஒரு கை தட்டி ஓசை வராது. வாயைத் திறக்காதே என்று எழுதியது நான். வேலை தெரிந்தவளுக்குத் தாளை அனுப்பிவிட்டு, பார்த்து வயிறெரி என்று எழுதினேனே, அப்போது எனக்கு யார் கால் ஞாபகம் இருந்தது?

ஆகவே கேள். ஆலோசகர் வேண்டாம் என்று சொன்ன நான் ஒரு ஆலோசகரை வைக்கிறேன். உன்னை. ஆனால் என் நிபந்தனைகளின்படி. கீபோர்டை நீ தொடக்கூடாது. பக்கத்தில் உட்காரலாம், கேள்வி கேட்கலாம். தப்பு என்று தெரிந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும், நான் முறைத்தாலும் சொல்ல வேண்டும், கத்தினாலும் சொல்ல வேண்டும். எதையும் மனசில் வைத்துக்கொண்டு அழகாக இருக்கிறது என்று மட்டும் இன்னொரு முறை சொல்லாதே.

வருவதற்கு முன் கடிகாரக்காரருக்கு ஒரு கடிதம் எழுது. உன் கையால். காரணம் எதையும் எழுதாதே, செய்ததை மட்டும் எழுது. முகவரி கீழே இருக்கிறது.

அக்கா

*

மே 29

அக்கா,

எல்லாவற்றுக்கும் சம்மதம்.

அவருக்கு எழுதிவிட்டேன். ஆறு வரிதான். இத்தனை வருட வேலையில் எழுதிய எந்த அறிக்கைக்கும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

ஜூன் 2 காலை வண்டியில் வருகிறேன், இரண்டு வாரம் லீவு. கீபோர்டைத் தொடாமல் இருப்பது எனக்குச் சிரமம்தான். வார் தைக்கும் அம்மாவிடம் ஒரு ஊசியும் நூலும் எடுத்து வைக்கச் சொல். கை அரித்தால் தைக்கிறேன்.

உன் ஆலோசகர்

*

ஜூலை 3

வாயாடிக்கு,

நீ தைத்த மூன்று வாரையும் அந்த அம்மா பிரித்து மறுபடி தைத்துவிட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். தப்புத் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது சட்டம், அதனால் சொல்கிறேன்.

கீபோர்டுப் பக்கம் நீண்ட உன் கையில் ஸ்கேலால் நான் அடித்தது இரண்டு முறை. முதல் நாளே ஒன்று. அடுத்தது, நான் ஒரு கமாவை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் தேடிக்கொண்டிருந்தபோது. அந்த முக்கால் மணியும் நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "மேலேர்ந்து ஒவ்வொரு வரியாப் படி, அக்கா" என்று மட்டும் சொன்னாய். கிடைத்தபோது என்னைவிட நீதான் பெரிதாகப் பெருமூச்சு விட்டாய்.

ஒன்பதாவது நாள் ஒரு கேள்வி கேட்டாயே, "ஒத்தைக் கால் போனவருக்கு நாலு வருஷம் கழிச்சு இன்னொன்னும் போனா எங்கே எழுதுவே?" என்று. புத்தகத்தைத் திறக்காமல் நான் பதில் சொன்னேன். "ஆள் டேபிள்ல ஒண்ணும் தொட மாட்டேன். கால் டேபிள்ல இன்னொரு வரி." நீ எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தாய். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்கு, பிளாஸ்டர் தூசி என்றாய். அன்று மாவு அண்ணன் லீவு, பட்டறையில் தூசியே இல்லை.

கடிகாரக்காரர் புதிய காலோடு திரும்பிப் போன நாளைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. நீயும் கூட இருந்தாய். உன் கடிதத்தை அவர் சட்டைப் பையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். நீ பேச ஆரம்பிக்கும் முன்பே, "எழுதிட்டீங்க இல்ல, போதும். அந்த வாரைக் கொஞ்சம் இறுக்குங்க" என்றார். பெரிய மனிதர்.

சரி, சோதனைக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியின் ஆவண அதிகாரி ஒருவர், அவரோடு கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர். அதிகாரி என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார். "நீங்க இல்லாதப்போ எப்படி நடக்குதுன்னு பார்க்கணும்" என்றார். வார் தைக்கும் அம்மாவைக் கூப்பிட்டுத் திரை முன்னால் உட்கார வைத்தார். பரணிலிருந்து ஒரு பெட்டியைத் தானே தேர்ந்தெடுத்து இறக்கச் சொல்லி, நடுவிலிருந்து நாற்பது அட்டைகளை உருவினார். ஒவ்வொன்றிலும் முன்பக்கம், பின்பக்கம். அந்த அம்மா ஒற்றை விரலால் தட்டினார். நாற்பதும் சரியாக வந்தன. அதில் ஏழு பேர் இரண்டு காலும் இல்லாதவர்கள். ஏழு பேருக்கும் இடதும் வலதும் தனித்தனியாக, தேதியோடு வந்தன. கூட வந்தவர் ஒரு பழைய அளவை அழித்துப் பார்க்க முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். "அது போகாது சார். புதுசாச் சேர்க்கத்தான் முடியும்" என்றார் அம்மா, ஏதோ பிறந்ததிலிருந்தே இந்த வேலை செய்பவர் மாதிரி.

முடிவை நேற்றே அனுப்பிவிட்டார்கள். இன்னும் மூன்று வருடத்துக்கு நோயாளிகளை நம் பட்டறைக்குத்தான் அனுப்புவார்களாம். அந்தத் தாளை அத்தான் நாலு முறை படித்தார். மாவு அண்ணன் அளவுத் தாளை எடுத்துக்கொண்டு நேராக அச்சுக்குப் போகிறார், பரண் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தச் செய்தியை ஒரு வரியில் எழுதி முடித்திருக்கலாம். இவ்வளவு நீட்டி எழுதுவது இன்னொன்றைச் சொல்வதற்காக. திங்கட்கிழமை கிளம்பும் முன் அதிகாரி, "இதை யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"நான்" என்றேன். அளவு கொடுக்க வந்து காத்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்கே படிச்சீங்க?"

"நாப்பது வீடியோ பாடம், அறுநூத்தி நாப்பது பக்கத்துல ஒரு புத்தகம், ஒரு தங்கச்சி" என்றேன்.

"தங்கச்சியா?"

"ஆமா சார். டேட்டாபேஸ் ஆலோசகர். பதினாலு வருஷமா செய்யறா. மூணு ஆஸ்பத்திரியும் ஒரு துறைமுகமும் அவ செஞ்சதுலதான் ஓடுது."

கூட வந்தவர் சிரித்தார். "அப்போ அவங்களே ஒரு மாசத்துல செஞ்சு குடுத்திருக்கலாமே?"

"மூணே வாரத்துல செஞ்சிருப்பா. அவ மாட்டேன்னுட்டா. பக்கத்துல உக்காந்து என்னையே செய்ய வச்சா. அவ்வளவு பெரிய கெட்டிக்காரி சார் அவ."

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. காத்திருந்தவர்கள், தெருவில் நின்றிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அக்கா